சேலைக் கூலியும் மளிகைக் கணக்கும்



அலுவலில் இருப்போருக்கு மாதம் பிறந்தால் சம்பளம் வரும். காஞ்சிபுரத்தில் பட்டுத் தறியை நம்பி வாழ்வோருக்கோ சேலை முடிந்தால்தான் கூலி. ஒரு பட்டுச் சேலை முடிய, வேலைப்பாட்டைப் பொறுத்துப் பத்து நாளும் ஆகும். இருபது நாளும் ஆகும். மழைக்காலத்தில் தறிக்குழியில் நீர் ஊறினால் அதுவும் தள்ளிப்போகும். வயிறோ நாள் தவறாமல் கணக்குக் கேட்கிறது.

இந்த இடைவெளியை நிரப்புவது தெருமுனைக் கடையின் கடன் நோட்டு. நூறு கிராம் பருப்பு, கால் லிட்டர் எண்ணெய் என்று சில்லறையாக வாங்குகிறோம். கடன் உள்ள கடையில் விலை கேட்க நா எழாது. வேறு கடைக்குச் செல்லக் கால் எழாது. தார் சுற்ற வேண்டிய கை, நாளுக்கு மூன்று முறை பையைத் தூக்குகிறது. கூலி வந்ததும் பெரும்பகுதி பழைய பாக்கிக்குப் போகிறது. மறுநாளே புதிய கடன் தொடங்குகிறது. தினக்கூலியையும் சிறு வணிகத்தையும் நம்பியிருக்கும் வீடுகளிலும் இதே கதைதான்.

செழிப்பான ஏழாண்டுகளின் தானியத்தைச் சேமித்து, பஞ்சத்தின் ஏழாண்டுகளைக் கடக்க நபி யூசுஃப் (அலை) அவர்கள் வழிகாட்டிய வரலாற்றை நாம் அறிவோம். ஒரு நாட்டைக் காத்த முறை ஒரு சமையற்கட்டைக் காக்காதா?

முதலில் சமையல், பிறகு கடை

கடைக்குச் சென்றபின் என்ன சமைப்பது என்று எண்ணுவதே வீண் செலவின் தொடக்கம். ஏழு நாள் சமையலை முன்னரே எழுதுங்கள். ஒரு நாளின் மிச்சம் மறுநாளுக்கு உதவுமாறு எழுதுங்கள். வெள்ளிக்கிழமை வாங்கும் இறைச்சியில் எலும்பைத் தனியே எடுத்து வைத்தால், சனிக்கிழமை பருப்பும் கத்தரிக்காயும் சேர்த்துத் தால்ச்சா ஆகிவிடும். குழம்புக்கு உடைத்த தேங்காயின் மறுபாதி அடுத்த நாள் துவையலாகும். ஒரு முறை அரைத்த மாவு முதலில் இட்லி, புளித்தபின் தோசை.

பட்டியல் கல்லில் பொறித்த எழுத்தன்று. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது, புளிக்குழம்புக்கும் மோர்க்குழம்புக்கும் மாறிய வீடுகள் தப்பித்தன. காய்கறியைச் சந்தை விலை பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். மளிகையை மட்டும் மாற்றாதீர்கள்.

ரேஷன் பொருளே அடித்தளம்

தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் அரிசி அட்டைக்கு அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. 2007இல் தொடங்கிய சிறப்புத் திட்டத்தின் கீழ் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய். பாமாயில் லிட்டர் 25 ரூபாய். வெளிச்சந்தையில் பருப்பின் விலை இதைப் போல் பன்மடங்கு. ஆகவே முதலில் ரேஷன் பொருளை வாங்கிவிட்டு, குறைவதை மட்டும் பட்டியலில் எழுதுங்கள். ரேஷன் அரிசியைச் சோற்றுக்கு விரும்பாதவர்கள் அதை மாவுக்கு ஊறவைக்கலாம். மீதியைக் கூலி வந்த நாளில் ராஜாஜி மார்க்கெட் பக்கம் இரண்டு கடைகளில் விலை கேட்டு, ரொக்கமாக, ஒரே தடவையில் வாங்குங்கள். எழுதுபவர் மனைவி, வாங்குபவர் கணவர் எனில், அளவையும் சேர்த்தே எழுதிக் கொடுங்கள்.

பாக்கியை என்ன செய்வது?

கடன் அடைக்கப்பட வேண்டிய பொறுப்பு. அதைத் தட்டிக் கழிக்க வழியில்லை. ஆனால் முழுக் கூலியையும் கொடுத்துவிட்டு மீண்டும் கடன் சொல்வதால் அது அடைவதில்லை. கடைக்காரரிடம் மனம் விட்டுப் பேசுங்கள். பாக்கி 3,000 ரூபாய் என்றால், கூலிக்கு 500 வீதம் ஆறு சேலைகளில் முடித்துவிடலாம். அதுவரை புதிய கடன் எழுதக்கூடாது என்பதே இதில் கடினமான நிபந்தனை. வாக்குத் தவறாமல் கொடுப்பவரை எந்தக் கடைக்காரரும் மதிப்பார்.

மதரஸாவுக்கென்று உலையில் போடுமுன் பிடியரிசி எடுத்து வைத்தவர்கள் நம் வீட்டுப் பெண்கள். அதே கையால், கூலி வரும்போதெல்லாம் ஒரு சிறு தொகையை மழைக்காலத்துக்கென்று ஒதுக்குங்கள். தறி நின்ற நாளிலும் அடுப்பு எரியும். கடை வாசலில் தலைகுனிந்து நிற்க வேண்டியிராது, இன்ஷா அல்லாஹ்.