கிரிவலத்துக்கு மறுநாள் டெஸ்ட் கொடுக்காதீங்க

பௌர்ணமி ராத்திரி திருவண்ணாமலை கிரிவலப் பாதையை நினைச்சுப் பாருங்க. 14 கிலோமீட்டர், நிறைய பேர் வெறுங்கால்ல. அதுல சுகர் இருக்கிறவங்க எத்தனை பேர் இருப்பாங்க? 2023-ல வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வுப்படி, இந்தியாவுல சுமார் 10 கோடி பேருக்குச் சர்க்கரை நோய். அந்தக் கூட்டத்துல உங்க அப்பாவும் நடக்கிறார்னா, அவர் ரத்தக்குழாய் எந்த நிலைமையில இருக்குன்னு டெஸ்ட்ல தெரியுமா?

எல்லாரும் பார்க்கிற எச்பிஏ1சி, கடந்த 2, 3 மாசச் சர்க்கரையோட சராசரி. மழை எவ்வளவு பெய்ஞ்சதுன்னு அது சொல்லும். வீடு ஒழுகுதான்னு சொல்லாது.

ரத்தக்குழாயோட உள்பக்கம் ஒரே செல் தடிமன்ல ஒரு படலம் இருக்கு, பேரு எண்டோதீலியம். வருஷக்கணக்கா சர்க்கரை ஏறியே இருந்தா அது அடிபடும். அடிபட்ட செல்கள் வான் வில்லிபிராண்ட் ஃபேக்டர், ஈ-செலக்டின் மாதிரி சில புரதங்களை ரத்தத்துல அதிகமா விடும். ஆராய்ச்சிக்கு இது அருமையான துப்பு. ஆனா ஒரு தனி ஆளுக்கு இதை வச்சு வைத்தியம் முடிவு பண்றது இன்னும் வழக்கத்துக்கு வரல. சிஆர்பி சாதாரணக் காய்ச்சலுக்கே ஏறிடும். பெரிய 'பேக்கேஜ்'ல இதெல்லாம் இருக்கேன்னு பணத்தைக் கொட்ட வேண்டாம்.

உண்மையில உதவுற டெஸ்ட் சிறுநீர்ல இருக்கு! சிறுநீரகத்தோட நுண்ணிய ரத்தக்குழாய்கள் கெட ஆரம்பிச்சா, ஆல்புமின்ங்கிற புரதம் கசியும். ஆல்புமின்–கிரியாட்டினின் விகிதம் 30-க்குக் கீழ இருந்தா நார்மல். வருஷத்துக்கு ஒரு தடவை இதையும், ரத்தத்துல கிரியாட்டினினையும் பார்த்தா, கால் வீங்குறதுக்கு ரொம்ப முன்னாடியே தெரிஞ்சிடும். அப்போ மருந்தால கசிவைக் குறைக்க முடியும்.

ஒரு விஷயம்: கடுமையா உடம்பை வருத்தினா, அடுத்த 24 மணி நேரத்துக்கு ஆல்புமின் தற்காலிகமா ஏறலாம். அதனால கிரிவலம் முடிச்ச கையோட லேபுக்குப் போகாதீங்க. ஒரு தடவை ஏறியிருந்தாலும் பதறாம திரும்பப் பாருங்க. 3 முதல் 6 மாசத்துக்குள்ள மூணுல ரெண்டு தடவை ஏறியிருந்தாத்தான் கணக்கு.

கால் மட்டும் எந்த லேப் ரிப்போர்ட்லயும் வராது. மரத்துப்போன பாதத்துல முள் குத்தினாலும், தார் ரோடு சுட்டாலும் வலிக்காது. அவங்க வெறுங்கால்ல நடக்கவே கூடாது, சாமி கோவிச்சுக்க மாட்டார். அப்பா நடந்து வந்ததும் போன் டார்ச் அடிச்சு உள்ளங்காலையும் விரலிடுக்கையும் நீங்களே பாருங்க. சின்னக் கொப்புளம் இருந்தாலும் அன்னைக்கே டாக்டர்கிட்ட காட்டுங்க.