மழை நம் கையில் இல்லை. தயாராக இருப்பது நம் கையில்!

ராத்திரி 11 மணி. வெளியே மழை. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் பதிவு: "ஏரி உடைஞ்சிடுச்சாம், உடனே கிளம்புங்க!" எந்த ஏரி, எந்த வருஷம், பேசியது யார், எதுவும் தெரியாது. ஆனாலும் தூக்கம் போய்விடுகிறது. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பயம் சும்மா வருவதில்லை.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. கூடவே கவலையும் வரும். புயல் எங்கே கரையைக் கடக்கும், எவ்வளவு பெய்யும் என்பதெல்லாம் நம் கையில் இல்லை. அதை நினைத்துப் புரண்டு படுத்தாலும் ஒரு சொட்டு குறையப் போவதில்லை. நம்மால் முடிந்ததை மட்டும் பார்ப்போம்.

எச்சரிக்கையைப் புரிந்துகொள்ளுங்கள்

மஞ்சள் என்றால் நிலவரத்தைக் கவனியுங்கள். ஆரஞ்சு என்றால் தயாராகுங்கள். சிவப்பு என்றால் உடனே செயல்படுங்கள். 24 மணி நேரத்தில் 7 முதல் 11 செ.மீ. வரை பெய்தால் கனமழை. 12 முதல் 20 வரை மிக கனமழை. அதற்கும் மேல் அதி கனமழை. 'ரெட் அலர்ட்' என்றதும் உங்கள் தெரு மூழ்கிவிடும் என்று அர்த்தமில்லை. அதற்காக அலட்சியமும் வேண்டாம். தாழ்வான பகுதியில் இருப்பவர்கள் அதிகாரிகள் சொன்னதும் முகாமுக்குக் கிளம்பிவிட வேண்டும்.

மழைக்கு முன்பே செய்ய வேண்டியவை

• 'டிஎன் அலர்ட்' செயலியைப் பதிவிறக்கி, நோட்டிஃபிகேஷனை ஆன் செய்யுங்கள். வானிலைத் தகவலும் எச்சரிக்கையும் தமிழிலேயே வரும்.
• ஆதார், ஓட்டுநர் உரிமம் போன்றவற்றை டிஜிலாக்கரில் சேர்த்துவிடுங்கள். அசல் ஆவணங்களை பிளாஸ்டிக் உறையில் போட்டு உயரமான இடத்தில் வையுங்கள்.
• பவர் பேங்க், டார்ச், ஒரு வாரத்துக்கான மாத்திரை, குடிநீர் ஆகியவற்றை ஒரே பையில் எடுத்து வையுங்கள்.
• மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077. இரண்டையும் இப்போதே போனில் சேமியுங்கள்.
• பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் பெரியவரிடம், "ஏதாவதுன்னா கூப்பிடுங்க" என்று நம்பர் கொடுத்து வையுங்கள்.

இவ்வளவும் முடிந்ததா? இனி பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை போனை எடுத்துப் பார்க்க வேண்டியதில்லை. சாதாரண மழை நாளில் காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை பார்த்தால் போதும். அவசரம் என்றால் எச்சரிக்கை போனுக்கே வரும். வாட்ஸ்அப்பில் வரும் தகவலில் தேதியும் துறையின் பெயரும் இல்லையென்றால் பகிராதீர்கள். உங்களைத் தூங்கவிடாத அந்தப் பயம் இன்னொரு வீட்டுக்குப் போக வேண்டாமே.

அப்படியும் படபடப்பு அடங்கவில்லையா? வானம் கறுத்தாலே நெஞ்சு அடித்துக்கொள்கிறதா, பல நாளாகத் தூக்கம் இல்லையா? இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 14416 என்ற 'டெலி மானஸ்' எண்ணை அழையுங்கள். 24 மணி நேரமும் கட்டணமின்றி, மனநல ஆலோசகரிடம் தமிழிலேயே பேசலாம்.

மழை அதன் வேலையைச் செய்யட்டும். நம் வேலையை நாம் முன்கூட்டியே முடித்துவிட்டால், அந்த ராத்திரியிலும் கொஞ்சம் கண்ணயரலாம்.