செக்றோலில் பெயர் இல்லாதவருக்கு வைத்தியம் யார் பொறுப்பு?

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். அச்செல்வத்தைக் காப்பதற்கு ஆகும் செலவை யார் கொடுப்பது என்பதை மட்டும் அவர்கள் சொல்லிச் செல்லவில்லை. ஆகையினாற்றான் போலும், உலகத்துப் பாராளுமன்றங்கள் யாவும் இன்றளவும் அதைப் பற்றி வாதாடிக்கொண்டிருக்கின்றன.

நாம் ஆசிரியத் தொழில் புரியும் கல்லூரியிலும் சென்ற தவணையில் இவ்வாதம் எழுந்தது. உயர்தர வகுப்பு மாணவர்களின் விவாத அரங்கு; "மக்களின் வைத்தியத்துக்கு ஏற்றது தனியார் காப்புறுதியா, அரசின் பொறுப்பா?" என்பது பொருள். நடுவர் ஆசனம் நமக்குக் கிடைத்தது. மாணவருட் பெரும்பாலோர் ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவை ஆகிய பகுதிகளின் தோட்டங்களிலிருந்து வருபவர்கள். ஏட்டில் படித்ததை ஒப்புவிப்பார்கள் என்றே எண்ணியிருந்தோம். நம் எண்ணம் பிழைத்தது.

தனியார் காப்புறுதியை ஆதரித்த மாணவன் நல்ல உவமையோடு தொடங்கினான். "நம் அம்மாமார் லயத்தில் சீட்டுப் பிடிக்கிறார்கள். பலர் சிறிது சிறிதாகப் போடும் பணம், தேவைப்படும்போது ஒருவருக்கு மொத்தமாகக் கிடைக்கிறது. காப்புறுதியும் அத்தகையதே. இலவச வைத்தியம் என்கிறோம். எனினும் நாட்டின் மொத்த வைத்தியச் செலவில் ஏறத்தாழப் பாதி மக்களின் சொந்தப் பணமாகவே போகிறது. 2022 ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் அரசாங்க வைத்தியசாலைகளில் மருந்து தட்டுப்பட்டபோது, வெளியில் வாங்கி வரும்படி எழுதிக் கொடுத்தார்கள். அன்று காப்புறுதி உள்ளவன் தப்பினான், இல்லாதவன் நகையை அடகு வைத்தான்" என்றான். கரகோஷம் எழுந்தது.

எதிரணி மாணவியும் சளைத்தவளல்லள். இலங்கையில் 1951 ஆம் ஆண்டு அரசாங்க வைத்தியசாலைகளில் கட்டணம் நீக்கப்பட்டதை நினைவூட்டினாள். 1946 ஆம் ஆண்டளவில் 1 இலட்சம் பிரசவங்களுக்கு 1500 தாய்மாருக்கு மேல் இறந்த இந்நாட்டில், 2019 ஆம் ஆண்டளவில் அத்தொகை 30 அளவுக்குத் தாழ்ந்ததையும், அதனைச் சாதித்தவர்கள் அரசாங்க மருத்துவமாதரும் வைத்தியரும் என்பதையும் எடுத்துக் காட்டினாள். "1971 ஆம் ஆண்டு வெளிநோயாளரிடம் 25 சதம் அறவிட்டார்கள். வெறும் 25 சதம்! அதற்கே வருவோர் தொகை குறைந்தது. 1977 ஆம் ஆண்டு அக்கட்டணம் ஒழிக்கப்பட்டது. 25 சதத்துக்கே தயங்கிய ஏழை, மாதந்தோறும் காப்புறுதிப் பணம் கட்டுவானா? 2024 ஆம் ஆண்டு நாட்சம்பளம் 1350 ரூபாய் என நிர்ணயித்தார்கள். அதிலே அரிசி போக மிஞ்சுவதென்ன? மேலும், வயது முதிர்ந்தவரிடமும் முன்னரே நோயுற்றவரிடமும் கூடுதலாகக் கேட்பது காப்புறுதி வியாபாரத்தின் இயல்பு. வைத்தியம் அதிகம் வேண்டியவருக்கே கதவு குறுகும்" என்றாள்.

இரு பக்கமும் சமமாக நின்ற வேளையில், சபையிலிருந்து பேசலாம் என்று அறிவித்தோம். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள்.

"நடுவர் அவர்களே, என் அம்மாயிக்கு ஓர் இரவு வாய் கோணிப் பேச்சுக் குழறியது. தோட்டத்து டிஸ்பென்சரி பூட்டியிருந்தது. வாகனம் கேட்டு மாமா ஓடினார். அம்மாயி ஓய்வுபெற்றவர், செக்றோலில் பெயர் இல்லை என்றார்கள். 1990க்கு அழைத்தோம். வண்டி வந்தது, ஆனால் பெருந்தெருவிலேயே நின்றுவிட்டது. அதற்கு மேல் வண்டி ஏறும் பாதை இல்லை. கம்பளியில் கிடத்தி நான்கு பேர் இரண்டு மைல் தூக்கிப் போனார்கள். வைத்தியசாலையை அடையும்போது விடிந்துவிட்டது. அம்மாயி பிழைத்தார். வலது கை மட்டும் வரவில்லை. அன்றிரவு எங்கள் கையில் காப்புறுதிப் பத்திரம் இருந்திருந்தால் என்ன செய்திருக்கும்? வைத்தியம் இலவசம் என்ற சட்டந்தான் என்ன செய்தது?"

அவள் அமர்ந்தாள். கை தட்டுவார் ஒருவரும் இல்லை. நாமும் தீர்ப்பை ஒத்திவைத்தோம். மூளையின் குருதிக் குழாயை இரத்தக்கட்டு அடைத்தால், அதனைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டும் என்பது வைத்தியர் கொள்கை. அந்த மூதாட்டியின் நாலரை மணி நேரம் பாதையிலே கழிந்துவிட்டது.

பழைய வழக்கு

அன்றிரவு பழைய நூல்களைப் புரட்டினோம். அம்மாணவியின் கேள்வி இம்மலைகளில் நூற்றைம்பது ஆண்டுகளாகக் கேட்கப்பட்டு வருவதைக் கண்டோம்.

கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையிலிருந்து மாத்தளைக்கு நடந்து வந்த நம் மூதாதையர் வழியிலேயே மாண்டனர். எஞ்சியோர் தோட்டத்திலே காய்ச்சலாலும் வயிற்றோட்டத்தாலும் மாண்டனர். இக்கொடுமையைத் தணிக்க 1872 ஆம் ஆண்டு தோட்டங்களின் வைத்தியத் தேவைகளுக்கென ஒரு சட்டம் இயற்றப்பட்டது. தோட்டப் பகுதிகள் வைத்திய வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டன. செலவைத் தோட்டக்காரர் ஏற்கவேண்டும் என்பது ஏற்பாடு. அவ்வளவுதான், வாக்குவாதம் தொடங்கிற்று: அரசாங்கம் எவ்வளவு கொடுப்பது, துரைமார் எவ்வளவு கொடுப்பது? 1912 ஆம் ஆண்டு சட்டங்கள் புதுப்பிக்கப்பட்டபோதும் அடிப்படை மாறவில்லை. தொழிலாளியின் உடல் தோட்டத்தின் பொறுப்பு என்பதே அவ்வடிப்படை.

1916 ஆம் ஆண்டு தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலை தொடங்கிற்று. அமெரிக்காவின் ரொக்பெல்லர் ஸ்தாபனம் அதற்கு உதவியது. மருந்து கொடுத்தால் புழு வெளியேறும். மலகூடம் இல்லாவிட்டால், வெறுங்காலோடு நடப்பவனை அதே புழு மீண்டும் பற்றும். வைத்தியத்துக்குப் பணம் கொடுப்பது வேறு, நோய் வராமற் காப்பது வேறு என்பதற்கு இதனினும் நல்ல பாடம் வேண்டுமோ? மருந்துக்கான கணக்கைக் காப்புறுதி தீர்க்கும், மலகூடம் கட்டாது.

1951 ஆம் ஆண்டு நாட்டுக்கெல்லாம் இலவச வைத்தியம் வந்தபோதும், தோட்டத்து டிஸ்பென்சரியும் பிரசவ விடுதியும் தோட்டத்தின் கையிலேயே நின்றன. 1975 ஆம் ஆண்டு கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின; ஜனவசமவும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் நிருவாகம் நடத்தின. 1992 ஆம் ஆண்டு நிருவாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. தொழிலாளர் நலனைக் கவனிக்க நிறுவப்பட்ட அமைப்பு 2002 ஆம் ஆண்டு பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் எனப் பெயர் பெற்றது. தோட்ட வைத்தியசாலைகள் சில காலப்போக்கில் அரசாங்கத்தின் பொறுப்பில் வந்துள்ளன. பல இன்னும் வரவில்லை. இடையில் நல்லவையும் நிகழ்ந்தன. இந்திய உதவியுடன் டிக்கோயாவில் 150 கட்டில்கள் கொண்ட வைத்தியசாலை எழுந்து, 2017 ஆம் ஆண்டு மே மாதம் இந்தியப் பிரதமர் மோடியாற் திறந்து வைக்கப்பட்டது. 1990 என்னும் இலவச அம்புலன்ஸ் சேவையும் 2016 ஆம் ஆண்டு மேல், தென் மாகாணங்களில் தொடங்கிப் பின்னர் நாடெங்கும் பரவிற்று.

எனினும் பழைய அடிப்படையின் நிழல் அகலவில்லை. செக்றோலில் பெயர் உள்ளவரைதான் தோட்டம் தன்னுடையவர் என்று கருதும். இன்று தோட்டத்தில் குடியிருப்போரிற் பெரும்பாலோர் தோட்டத்தில் பெயர் பதிந்த தொழிலாளர் அல்லர். மகன் கொழும்பிலே கடையில் நிற்கிறான். மகள் தையல் தொழிற்சாலையில் இருக்கிறாள். பாட்டன் ஓய்வு பெற்றுவிட்டார். வீடு லயத்திலே, பெயரோ புத்தகத்தில் இல்லை. அவர்களுக்கு யார் வைத்தியர்?

பிற நாட்டார் கண்ட வழிகள்

வைத்தியத்தைத் தொழிலோடு பிணைக்கும் வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. செல்வம் மிக்க அமெரிக்காவிலே, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சம்பள உயர்வுக்குத் தடை இருந்தமையால், முதலாளிமார் வைத்தியக் காப்புறுதியைச் சலுகையாகக் கொடுத்தனர். அது நிலைத்துவிட்டது. வேலை போனால் காப்புறுதியும் போயிற்று. 1965 ஆம் ஆண்டு முதியோருக்கும் வறியோருக்கும் அரசாங்கத் திட்டங்களும், 2010 ஆம் ஆண்டு பெரும் சீர்திருத்தச் சட்டமும் கொண்டுவந்த பின்னரும் அங்கே வாதம் ஓயவில்லை. ஜெர்மனி 1883 ஆம் ஆண்டே தொழிலாளருக்குக் கட்டாய நோய்க் காப்புறுதியை ஏற்படுத்திற்று. பிரித்தானியா 1948 ஆம் ஆண்டு வரிப்பணத்தால் நடக்கும் தேசிய வைத்திய சேவையை நிறுவிற்று.

தமிழ்நாட்டின் அனுபவமும் சிந்திக்கத் தக்கது. 2009 ஆம் ஆண்டு கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் ஏழைகளின் பெரிய சிகிச்சைகளுக்குப் பணம் செலுத்தின. ஏழைக்கான காப்புறுதிப் பணத்தை அங்கே அரசே கட்டுகிறது. அன்றியும், ஊர் தோறும் ஆரம்ப சுகாதார நிலையங்கள் அதற்கு முன்னரே வேரூன்றியிருந்தன. தளம் போட்ட பிறகே கூரை வேய்ந்தார்கள்.

நமது தீர்ப்பு

திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரம் வைத்தியத்துக்கு நான்கு உறுப்புகளைக் கூறும்: நோயுற்றவன், தீர்க்கும் வைத்தியன், மருந்து, அருகிருந்து அதனைக் கொடுப்பவன். இந்நான்கினுள் பணம் இடம்பெறவில்லை என்பதை நோக்குக. பணம் வேண்டாம் என்பது வள்ளுவர் கருத்தன்று. நான்கையும் ஓரிடத்திற் கூட்டுதற்கே பணம் வேண்டும். காப்புறுதி என்பது பணம் தருவதாக ஒரு வாக்குறுதி. வைத்தியனும் மருந்தும் அருகிருப்பவனும் இல்லாத மலையுச்சியில் அவ்வாக்குறுதியை எங்கே மாற்றுவது? பணம் தேடி வரும் தனியார் வைத்தியசாலை நகரத்திலே எழும். நாட்கூலி வாழும் லயத்தருகே எழாது. அது வியாபாரத்தின் இயல்பு. குறை கூறிப் பயனில்லை.

ஆகவே, அன்று ஒத்திவைத்த தீர்ப்பை இன்று கூறுகிறோம். தளம் அரசினுடையதாக இருத்தல் வேண்டும். கிராமத்தானுக்கு உள்ள வைத்தியம், செக்றோலைப் பாராது, தோட்டத்தானுக்கும் உரியதாக வேண்டும். எஞ்சியிருக்கும் டிஸ்பென்சரிகளை அரசாங்கம் பொறுப்பேற்பது மட்டும் போதாது. இரவிலும் திறந்திருக்கும் நிலையம், வண்டி ஏறும் பாதை, நோயாளி சொல்வதை அவர் மொழியிலே விளங்கிக்கொள்ளும் தாதி ஆகிய மூன்றும் கூட வேண்டும். காப்புறுதியை நாம் வெறுப்பவரல்லேம். இத்தளத்தின் மேல், பெரிய சத்திர சிகிச்சை போன்றவற்றுக்கு அது கூரையாக நிற்கட்டும். ஏழைக்குரிய பங்கை அரசு கட்டட்டும்.

காப்புறுதிக்காக வாதாடிய மாணவனின் குறையையும் மறத்தலாகாது. மருந்தில்லாத இலவச வைத்தியசாலை மக்களின் நம்பிக்கையை இழக்கும். நம்பிக்கையை இழந்தால் தளமே ஆட்டங்காணும். அரசுக்காக வாதாடுவோர் அரசைக் கேள்வி கேட்கவும் கடமைப்பட்டவர்கள்.

பெற்றோருக்கும் மாணவருக்கும் ஒரு சொல். கணிதமும் விஞ்ஞானமும் கற்கும் நம் பிள்ளைகளில் சிலர் தாதியராகவும் மருத்துவமாதராகவும் திரும்பி இம்மலையேறி வரின், வள்ளுவர் கூறிய நான்காம் உறுப்பு நம் வீட்டிலிருந்தே கிடைத்துவிடும்.

சென்ற வாரம் அந்த மாணவியிடம் அம்மாயியின் நலம் விசாரித்தோம். இடக்கையால் எழுதப் பழகுகிறார் என்றாள். பேர்த்தியின் பழைய கொப்பியில் முதலில் எழுதியது தம் பெயரையாம். செக்றோலில் இல்லாவிட்டால் என்ன, ஒரு புத்தகத்தில் அப்பெயர் ஏறிவிட்டது. அதனை நாட்டின் வைத்தியக் கணக்கிலும் ஏற்றுவது நம் அனைவரின் கடன்.