மணிக்கணக்கில் அளக்கும் தூரம்

சிவகிரியிலிருந்து மேற்கே பார்த்தால் மலை. மலைக்கு நேர் பின்னால் பத்தனம்திட்டா. குடைந்து போக வழியிருந்தால் பக்கம்தான். ஆனால் சபரிமலை சீசனில் வேன்கள் தெற்கே தென்காசி, செங்கோட்டை என்று இறங்கி, ஆரியங்காவு, புனலூர் வழியாகச் சுற்றித்தான் போகின்றன. எவ்வளவு தூரம் என்று டிரைவரிடம் கேட்டால் மணிக்கணக்கில்தான் பதில் வரும்.

கணிதக்காரர்களுக்கும் அந்தக் கணக்குதான் வேண்டும். வேகம் இடத்துக்கு இடம் மாறும்போது, சீக்கிரம் போய்ச் சேரும் வழி நேர்கோடாக இருப்பதில்லை. நேரத்தையே தூரமாக வைத்துக்கொண்டால் அந்த இடம் ஒரு வளைந்த வெளி. விளிம்பிலுள்ள புள்ளிகளுக்கு இடையே ஆகும் நேரங்கள் மட்டும் தெரிந்தால், உள்ளிருக்கும் வளைவைக் கண்டுபிடிக்க முடியுமா?

பூமியில் நாம் எல்லோருமே விளிம்பில் குடியிருப்பவர்கள். 1897 ஜூன் 12இல் அசாமை உலுக்கிய நிலநடுக்கத்தை ஆராய்ந்தவர் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ஆர். டி. ஓல்டாம். அதன் அதிர்வு ஐரோப்பியக் கருவிகளிலும் பதிவாகியிருந்தது. அதிர்வில் மூன்று வகை அலைகள் இருப்பதை 1900இல் பிரித்துக் காட்டினார். அலைகள் தாமதிக்கும் கரு ஒன்று பூமிக்கு உண்டென்று 1906இல் சொன்னார். அடுத்த ஆண்டுக்குள் ஜெர்மனியில் ஹெர்க்லாட்ஸும் வீஷெர்ட்டும், வந்துசேரும் நேரங்களிலிருந்து ஒவ்வோர் ஆழத்திலும் அலையின் வேகத்தைக் கணக்கிடும் வழியைத் தந்தார்கள்.

ஒரு நிபந்தனை உண்டு: ஆழம் போகப்போக வேகம் சட்டென்று விழக்கூடாது. பூமி அந்தப் பேச்சைக் கேட்பதில்லை. சுமார் 2,900 கி.மீ. ஆழத்தில், நொடிக்கு 13 கி.மீ.க்கு மேல் பாய்ந்த முதன்மை அலை, திரவக் கருவில் நுழைந்ததும் 8 கி.மீ.க்கு இறங்கிவிடுகிறது. கதிர் உள்நோக்கி மடங்க, மேற்பரப்பில் நேரடி அலை எட்டாத ஒரு நிழல் வளையம் விழுகிறது. அந்த நிழலுக்குள் மெல்லிய அதிர்வுகள் இருந்ததை வைத்துத்தான் டென்மார்க்கின் இங்கே லேமன் 1936இல் அந்தக் கருவுக்குள் இன்னொரு கரு உண்டென்றார்.

வேன் டிரைவர்களின் நேரக்கணக்கு எத்தனை சேர்ந்தாலும் நம் மலை உச்சி எவ்வளவு உயரம் என்று அதில் தெரியாது. யாருடைய குறுக்குவழியும் உச்சியைத் தொடுவதில்லையே! இப்படி ஒளிந்துகொள்ளும் இடங்கள் இல்லாத வெளிகளில், விளிம்பு நேரங்களே வடிவத்தை முழுக்கத் தீர்மானிக்கும் என்று 1981இல் ரெனே மிஷெல் ஊகித்தார். இருபரிமாணப் பரப்புகளுக்கு அதை 2005இல் பெஸ்டோவும் உல்மனும் நிரூபித்தார்கள். முப்பரிமாணத்துக்குப் பெரிய அடி 2017இல் விழுந்தது. ஸ்டெபனோவ், உல்மன், வாஷி மூவரும், வெளிப்புறம் புடைத்த அடுக்குகளாக வெளியைப் பிரிக்க முடிந்தால், விளிம்பிலிருந்து அடுக்கடுக்காக உள்ளே இறங்கி வடிவத்தை மீட்கலாம் என்று காட்டினார்கள்.

காகிதத்தில் விளிம்பு முழுக்கக் கருவி உண்டு. நிஜ பூமியிலோ கொடைக்கானலில் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே நிலநடுக்கமானி வந்துவிட்டது. ஆனால் அதற்குத் தெற்கே விரிந்து கிடக்கும் இந்தியப் பெருங்கடலின் தரையில் இன்றும் நிரந்தரக் கருவிகள் அபூர்வம்.