‘நேர்’ என்னும் எபிரேய விளக்கு

எருசலேம் அங்காடியில் இன்று ‘நேர்’ வேண்டுமென்று கேட்பவர் கையில் மெழுகுத்திரி வந்து சேரும். விவிலியக் காலத்தில் அதே சொல் ஒலிவ எண்ணெய் ஊற்றி எரிக்கும் மண் அகலைக் குறித்தது. தமிழின் ‘நேர்’ என்னும் சொல்லுக்கும் இதற்கும் உறவேதும் இல்லை. ஒலி ஒத்தால் வேரும் ஒக்குமென்று முடிவுகட்டும் ஆர்வம் நம்மிடையே மிகுதியாதலின் இதை முதலிலேயே சொல்லிவிடுவது நலம். எபிரேயச் சொல்லின் உறவுகள் செமித்தியக் குடும்பத்துக்குள்ளேயே உள்ளன. அக்காடியத்தில் ‘நூரு’ என்றால் ஒளி. அரபியில் ‘நூர்’ ஒளி, ‘நார்’ நெருப்பு. அரமேயத்தில் ‘நூரா’ நெருப்பு.

இவ்வேரின் முன் மகரம் சேர்ந்து பிறந்ததே ‘மெனோரா’; விளக்கை ஏந்தும் தண்டு என்பது அதன் முதற்பொருள். யாத்திராகமம் பொன்னாலான மெனோரா ஒன்றையும் அதன்மேல் ஏற்றும் ஏழு நேர்களையும் தனித்தனியே சொல்கிறது. 1611ஆம் ஆண்டின் ஆங்கில விவிலியம் மெனோராவை மெழுகுத்திரித் தண்டாக்கிவிட்டது. மெழுகுத்திரி எரிந்த நாட்டில் செய்த மொழிபெயர்ப்பு அது. தமிழ் விவிலியத்துக்கு அந்த வழுக்கல் நேரவில்லை. எண்ணெய் விளக்கு வழங்கிய நாடாதலால் ‘குத்துவிளக்கு’ என்னும் சொல் ஆயத்தமாக நின்றது.

அகழாய்வில் கிடைக்கும் பழைய நேர், குயவர் சக்கரத்தில் வனைந்த சிறு தட்டு. மண் ஈரமாக இருக்கும்போதே விளிம்பின் ஓரிடத்தை விரல்களால் கிள்ளி மூக்காக்குவர். திரி அதில் சாய்ந்து கிடக்கும். ஏறத்தாழ 4000 ஆண்டுகளுக்கு முன்னரே இவ்வடிவம் கானானில் தோன்றிவிட்டது. பின்னர் மூடிய வயிறுடைய அகல்கள் வந்தன. ஏரோது மன்னன் பெயரால் தொல்லியலாளர் சுட்டும் அகலில் மூக்கைத் தனியே செய்து ஒட்டிக் கத்தியால் செதுக்கியிருப்பர்.

இனித் திரியின் வேலையைப் பார்ப்போம். நார்களுக்கிடையே உள்ள நுண்ணிய இடைவெளிகளில் எண்ணெய் தானே மேலேறுகிறது. இதுவே நுண்புழை ஏற்றம். ஒலிவ எண்ணெயின் பரப்பு இழுவிசை நீரினதில் பாதிக்கும் குறைவு. அறை வெப்பத்தில் அதன் பாகுநிலையோ நீரினதைப்போல் ஏறத்தாழ 80 மடங்கு. ஆகவே அது மெல்லத்தான் ஏறும். சுடரின் வெம்மை திரிமுனையை எட்டியதும் எண்ணெய் இளகி, விரைந்து, ஆவியாகி எரிகிறது. அந்த மஞ்சள் ஒளியைத் தருவன சுடருக்குள் சூடேறி ஒளிரும் கரித்துகள்கள்.

கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட யூதச் சட்டநூலான மிசுனாவின் ஓய்வுநாட் பகுதியில், இரண்டாம் இயலின் பெரும்பகுதி எதை எரிக்கலாம், எதை எரிக்கலாகாது என்னும் வழக்காடல். ஓய்வுநாளில் விளக்கைத் தூண்டுவதும் திருத்துவதும் கூடாது. எனவே முன்மாலையில் ஏற்றிய சுடர் தானே சீராக எரிய வேண்டும். சீவாத ஆளிநார் திரிக்கு ஆகாது. கீல், மெழுகு, கொழுப்பு ஆகியன எரிபொருளாக ஆகா. தர்போன் என்னும் ஆசான் ஒலிவ எண்ணெய் ஒன்றையே ஏற்றார். மற்றையோர் எள், கொட்டை, முள்ளங்கி எண்ணெய்களையும் ஒப்பினர். விலக்குக்கு மிசுனாவின் விரிவுரையான தால்மூது கூறும் காரணம் வியக்கத்தக்கது: தீய திரியில் சுடர் துள்ளும், தீய எண்ணெய் திரியின் பின்னே இழுபடாது. நுண்புழை ஏற்றத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்வது அரிது.

முட்டையோட்டில் துளையிட்டு எண்ணெய் நிரப்பி அகலின் வாயில் வைத்துச் சொட்டவிடும் உத்தியையும் அவ்வியல் பேசுகிறது. எண்ணெய் மட்டம் தாழத் தாழத் திரி அதனை உயரமாக இழுக்க வேண்டும், சுடர் மெலியும். அக்குறைக்கு மாற்று இது. ஓய்வுநாளில் யாரேனும் அதிலிருந்து எண்ணெய் எடுத்துவிடலாம், அது விளக்கை அணைப்பதற்கு ஒப்பாகும் என்னும் அச்சத்தால் அறிஞர் தடுத்தனர். குயவரே சொட்டும் கலத்தை அகலோடு சேர்த்து வனைந்திருந்தால் தடையில்லை!

அன்று ஆகாதென்று தள்ளப்பட்ட மெழுகே இன்று அச்சொல்லின் பொருளாகிவிட்டது. தேன்மெழுகு உருக ஏறத்தாழ 62 முதல் 64 பாகை செல்சியசு வேண்டும். அகலில் ஊற்றினால் சுடருக்கு அப்பால் அது உறைந்துவிடும், திரிக்கு ஏறாது. அதையே திரியைச் சுற்றித் தண்டாக்கினால் தனக்கு வேண்டிய அளவை மட்டும் சுடரே உருக்கிக் காலடியில் சிறு குளமாக்கிக்கொள்கிறது. கலமும் எரிபொருளும் ஒன்றாயின. பிற்காலச் சட்ட நூலார் இவ்வடிவுக்கு இசைவு தந்தனர். 1860–61 குளிர்காலத்தில் இலண்டனில் மைக்கேல் பாரடே இளையோர்க்கு ஆற்றிய உரைகளும் மெழுகுத்திரியின் இச்செயலையே விரித்தன. அகலும் மெழுகுத்திரியும் ஒரே பொறி என்பது வேதியியலார்க்குத் தெளிவு. எபிரேயம் அவ்விரண்டையும் ஒரே பெயரால் அழைத்தது பிழையன்று என்பேன்.

மின்விளக்கு வந்தபோது அச்சொல் அதனோடு போகவில்லை. விளக்குக்கு ‘மெனோரா’ என்னும் பழம்பெயரும் குமிழுக்கு அரமேய ‘நூரா’வும் அமைந்தன. திரியில்லாத ஒளிக்கு ‘நேர்’ பொதுப்பெயராகவில்லை. பழைய மண் அகலைச் சுட்ட விரும்புவோரோ இன்று ‘நேர் செமென்’, அதாவது எண்ணெய் நேர், என்று அடைமொழி கூட்டியே சொல்கின்றனர்.