கைப்பேசியில் மூன்றாம் வழி

தில்லி கரோல் பாக்கிலுள்ள கஃபார் சந்தையை நேயர்களுள் பலர் கண்டிருப்பர். அங்கே கடைக்குக் கடை கைப்பேசிகள் குவிந்து கிடக்கின்றன. பெயர்கள் பல, விலைகளும் பல. எனினும், அவற்றை உள்ளிருந்து நடத்தும் இயக்கமுறைமைகளை எண்ணப் புகுந்தால் இரண்டோடு எண்ணிக்கை ஏறக்குறைய முடிந்துவிடும். ஒன்று கூகுளின் ஆண்ட்ராய்டு. மற்றொன்று ஆப்பிளின் ஐஓஎஸ். இவ்விரண்டையும் விடுத்து மூன்றாம் வழியை நாடுவது தகுமா என்பதே நாம் இன்று ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

இயக்கமுறைமை என்பது யாது? அலுவலகத்தில் எந்தக் கோப்பு எவரிடம் செல்லவேண்டும் எனப் பங்கிட்டளிக்கும் கண்காணிப்பாளரை அது ஒத்தது. அவரின்றி வேலை நடவாது. அதே வேளையில், எல்லாக் கோப்புகளும் அவர் கண்ணில் பட்டே செல்லும். நாம் செல்லுமிடம், பேசுவோர், தேடும் பொருள் ஆகியவற்றை எவர் அறியலாம் என்பது பெரிதும் இயக்கமுறைமையைப் பொறுத்தது. மாற்று வழியைச் சிலர் நாடுவதற்கு இதுவே முதற் காரணம். உற்பத்தியாளர் பாதுகாப்புத் திருத்தங்களை நிறுத்திவிட்ட பழைய கருவிக்கு மறுவாழ்வு அளிப்பது இரண்டாவது காரணம். ஆண்ட்ராய்டின் திறந்த மூலநிரல்மீது 2016-இல் எழுந்த லினியேஜ்ஓஎஸ் இப்பணியைச் செய்து வருகிறது.

நம் நாட்டில் இத்தகைய முயற்சிகள் புதியன அல்ல. 2014-இல் ஃபயர்ஃபாக்ஸ் ஓஎஸ் கொண்ட இன்டெக்ஸ் கருவி இரண்டாயிரம் ரூபாய்க்குள் விற்பனைக்கு வந்தது. 2015-இல் சாம்சங் தனது டைசன் கைப்பேசியை இங்கே அறிமுகம் செய்தது. பின்லாந்தின் செயில்ஃபிஷும் வந்தது. இவற்றுள் எதுவும் சந்தையில் வேரூன்றவில்லை. பயன்படுத்துவோர் குறைவு என்பதால் செயலி எழுதுவோர் வரவில்லை. செயலிகள் குறைவு என்பதால் பயன்படுத்துவோர் வரவில்லை. ஃபயர்ஃபாக்ஸின் வழித்தோன்றலான கய்ஓஎஸ் மட்டும் 2017-இல் ஜியோபோன் வாயிலாகக் கோடிக்கணக்கானோரை அடைந்தது. 2023 சனவரியில் சென்னை ஐ.ஐ.டி.யின் ஆதரவில் உருவான பார்ஓஎஸ் அறிவிக்கப்பட்டது.

போட்டி குன்றியதற்குச் சந்தையின் இயல்பு மட்டுமே காரணமா? புது தில்லியிலுள்ள இந்தியப் போட்டி ஆணையம் அவ்வாறு கருதவில்லை. தன் செயலிகளைத் தொகுப்பாக ஏற்றுமாறு உற்பத்தியாளரைக் கட்டாயப்படுத்தியதையும், ஆண்ட்ராய்டின் மாற்று வடிவங்களுக்குத் தடை விதித்ததையும் குற்றமெனக் கண்டு, 2022 அக்டோபரில் கூகுளுக்கு 1337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ஆணையத்தின் கட்டளைகளுள் நான்கை நீக்கியது. அபராதத்தை மட்டும் குறைக்காமல் உறுதிசெய்தது.

ஆணைகள் வழியைத் திறக்கலாம், வழிப்பயணம் நம்முடையது. எம்முடன் மொழிபெயர்ப்புப் பணியாற்றும் அன்பர் ஒருவர் தமது பழைய கைப்பேசியில் மாற்று இயக்கமுறைமையை நிறுவினார். கருவி புத்துயிர் பெற்றது. ஆயின், அவரது வங்கிச் செயலி திறக்க மறுத்தது. அங்கீகாரம் பெற்ற மென்பொருளா என்று சோதித்த பின்னரே பல வங்கிச் செயலிகள் இயங்குகின்றன. தொடக்கப் பூட்டு அகற்றப்பட்ட கருவியை அவை ஐயத்துடனேயே நோக்குகின்றன. மறுநாள் காலை காய்கறிக்காரருக்குக் கொடுக்கச் சில்லறை தேடி நின்றார் அன்பர்.

ஆதலின், மாற விரும்புவோர் மூன்று வினாக்களை முன்னரே கேட்டுக்கொள்ளுதல் நலம். நமது கருவியின் இம்மாதிரிக்கு அம்முறைமை உண்டா? பாதுகாப்புத் திருத்தங்கள் தவறாது வருகின்றனவா? நமக்கு இன்றியமையாத செயலிகள் அதில் இயங்குமா? ஐயமிருப்பின், ஒதுக்கி வைத்த பழைய கருவியில் முதலில் பழகிப் பார்க்கலாம்.

எனினும், முடிவான பொறுப்பைத் தனி மனிதர்மீது மட்டும் சுமத்துதல் முறையாகாது. ஒரு வங்கியின் சேவையோ அரசின் சேவையோ இரண்டு நிறுவனங்களின் கருவிகளில் மட்டுமே கிடைக்குமாயின், குடிமகனின் தெரிவுரிமை பெயரளவிலேயே நிற்கும். அதே சேவை உலாவியின் வாயிலாகவும் முழுமையாகக் கிடைக்குமாயின், எந்தக் கைப்பேசியை ஏந்தியவரும் அதனைப் பெறுவர். மூன்றாம் வழியில் நடப்போர் சிலரே ஆயினும், அவ்வழி அடைபடாதிருத்தல் நம் அனைவருக்கும் நன்மையாகும்.