வானத்திலிருந்து வந்த குத்துவாள்! தங்கத்துக்குச் சமமாக மன்னர் வைத்திருந்த இரும்பு

1925-ம் ஆண்டு, நவம்பர் மாதம். எகிப்து மன்னர் துட்டன்காமுனின் மம்மியைச் சுற்றியிருந்த துணிகளைக் கவனமாகப் பிரித்துக்கொண்டிருந்தது, தொல்லியல் ஆய்வாளர் ஹோவர்ட் கார்ட்டரின் குழு. உள்ளே இரண்டு குத்துவாள்கள் கிடைத்தன. வயிற்றுப் பகுதியில் இருந்தது தங்க அலகு கொண்டது. வலது தொடையருகே இருந்ததோ இரும்பு!

தங்கம் சரி... மன்னரோடு எதற்கு இரும்பு?

காரணம் இருக்கிறது. துட்டன்காமுன் வாழ்ந்தது சுமார் 3,300 ஆண்டுகளுக்கு முன்பு. அது வெண்கலக் காலம். தாதுவை உருக்கி இரும்பு எடுக்கும் தொழில் அப்போது எகிப்தில் வளரவில்லை. இரும்பு அவ்வளவு அரிது.

அப்படியென்றால், இந்த இரும்பு எங்கிருந்து வந்தது?

விடை 2016-ல் கிடைத்தது. இத்தாலிய, எகிப்திய ஆய்வாளர்கள் குத்துவாளைச் சிறிதும் சுரண்டாமல், எக்ஸ்-ரே கருவியால் சோதித்தார்கள். அதில் சுமார் 11 சதவிகிதம் நிக்கல் இருந்தது. பூமியில் வெட்டியெடுத்த தாதுவிலிருந்து செய்த பழங்கால இரும்பில் பொதுவாக 4 சதவிகிதத்துக்கு மேல் நிக்கல் இருக்காது. ஆக, இது விண்கல்லில் இருந்து வந்த இரும்பு!

2022-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இன்னொன்றையும் கண்டுபிடித்தார்கள். விண்கல்லுக்கே உரிய குறுக்குநெடுக்குக் கோடுகள் அலகில் இன்னும் அழியாமல் இருந்தன. அதிகச் சூட்டில் அவை மறைந்துவிடும். எனவே, 950 டிகிரி செல்சியஸுக்கும் குறைவான சூட்டில் இதை அடித்து உருவாக்கியிருக்கிறார்கள்.

செய்தது எகிப்தியரா? தங்கக் கைப்பிடியில் அலங்காரங்களை ஒட்டப் பயன்பட்டது சுண்ணாம்புச் சாந்து. எகிப்தில் அந்தப் பழக்கம் வந்தது பல நூற்றாண்டுகள் கழித்துத்தான். இங்கேதான் ஒரு கல்யாணச் சீர் கதைக்குள் வருகிறது.

துட்டன்காமுனின் தாத்தா எனக் கருதப்படுபவர் மன்னர் மூன்றாம் ஆமென்ஹோடெப். அவருக்குத் தன் மகளைக் கட்டிக்கொடுத்த மித்தானி நாட்டு அரசர் துஷ்ரத்தா, சீர்வரிசையாக அனுப்பிய பொருள்களின் பட்டியல் களிமண் பலகைகளில் கிடைத்திருக்கிறது. அதில் இரும்பு அலகு கொண்ட குத்துவாளும் உண்டு! அதுவே தாத்தாவிடமிருந்து பேரனுக்கு வந்திருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

சுமார் 9 வயதில் அரியணை ஏறி, 19 வயதுக்குள் இறந்துபோனவர் துட்டன்காமுன். குத்துவாள் என்றால் நமக்குச் சண்டைதான் நினைவுக்கு வரும். ஆனால், அந்த இளைஞரோடு புதைக்கப்பட்ட இந்த ஆயுதம், ஒருவேளை ஒரு குடும்பம் பொத்திப் பாதுகாத்த கல்யாணப் பரிசாகவும் இருக்கலாம்!